மாதம் தவறாத மருமகள்

ஒரு வார்த்தை கேட்டு வந்த வண்டி

“இவளுக்குப் புள்ளை பொறக்காதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க டாக்டரம்மா. எங்களுக்கு அது போதுமுங்க.”

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மருந்து கேட்பார்கள். ஊசி போடச் சொல்வார்கள். சிலர் கலர் தண்ணீர் வேண்டாம், மாத்திரைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். தீராது என்று சொல்லுங்கள் எனக் கேட்டுக்கொண்டு ஒரு கேஸ் வந்ததை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன். கேட்டவர் பழனாயி என்ற மாமியார். பக்கத்து ஸ்டூலில் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவருடைய மருமகள் பாவாயி. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பூசினாற்போல உடம்பு, களையான முகம். வந்ததிலிருந்து அந்த முகத்தை அவள் நிமிர்த்தவே இல்லை.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில், பெண்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். மிட்வைஃப் டிரெயினிங் முடித்து வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு லேடி டாக்டர், ஒரு நர்ஸ், ஓ.பி. பார்க்க ஓர் அறை, சில கட்டில்கள் போட்ட ஒரு வார்டு. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பொறுமைசாலி. நான் அப்படி இல்லை. என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று டிரெயினிங்கிலேயே சொல்வார்கள். இப்போது நர்ஸிங் படிக்கும் பெண்கள் என்னிடம் வந்து, உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தவள் பாவாயிதான். ஏனென்றால் அன்று நாங்கள் ஜெயித்தோம். இந்த வேலையில் முழுசாக ஜெயித்த நாட்கள் எல்லாருக்கும் அமைவதில்லை.

பழனாயி விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வெண்ணந்தூர்ப் பக்கம் தோட்டம், நல்ல பண்ணையம்.

“ஒத்தப் பையனுங்க. கலியாணமாகி அஞ்சு வருசமாச்சு. இன்னும் எத்தன நாளைக்குங்க பாத்துக்கிட்டு ஒக்கார்றது? இவ அப்பன் ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. ‘டாக்டர் பாத்து இல்லைன்னு சொன்னா, ரெண்டாந்தாரத்துக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன்’னு. அதுக்குத்தான் வந்தமுங்க.”

“பொண்ணெல்லாம் பாத்தாச்சா?” என்று கேட்டேன், குத்தலாகத்தான். அவருக்கு அது குத்தலாகப் படவில்லை.

“பாத்தாச்சுங்க. இன்னிக்கு உப்புச்சக்கரை. போற வழியில இவள இவ அப்பன் ஊட்டுல எறக்கி உட்டுப்போட்டு, அப்புடியே பொண்ணூட்டுக்குப் போறமுங்க.”

எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அதன் பிறகு வார்த்தை மாறினால் தலைமுறைக்கும் பகை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் வில்வண்டி நின்றது. உள்ளே துணி போட்டு மூடிய தாம்பாளம். அதற்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. பாவாயியின் சேலை துணிமணி எல்லாம் அதற்குள்தான் என்று கேட்காமலே தெரிந்தது. வண்டிக்கு முன்னால் அவள் புருஷன் செங்கோடன் எருதின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருந்தான். ஆறடி ஆள். அம்மா போட்ட கோட்டைத் தாண்டாத பிள்ளை. எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

மாமியார் சொன்ன கணக்கு

அந்தக் காலத்து ஓ.பி.யில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை யார் அழைத்து வருகிறார்களோ அவர்கள்தான் பதில் சொல்வார்கள். வயிறு யாருடையதோ, வாய் வேறு ஒருவருடையது. நாங்களும் அப்படியே கேட்டுப் பழகியிருந்தோம். மருமகளைப் பார்த்துக் கேள்வி கேட்டால், அவள் மாமியாரைப் பார்ப்பாள். மாமியார் எங்களைப் பார்த்துப் பதில் சொல்வார்.

அன்றும் டாக்டரம்மா வழக்கப்படிதான் ஆரம்பித்தார். “மாசாமாசம் ஒழுங்கா ஒதுங்கறாளா?”

“அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க” என்றார் பழனாயி. “அமாவாசை வந்தா இவ ஊட்டுக்குத் தூரம். ஒரு மாசந் தப்புனதில்லீங்க. போன வாரங்கூட மூணு நாளு குச்சுல ஒக்காந்துட்டுத் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் வந்தா. எட்ட நின்னு சோறு ஊத்துறவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?”

இந்தத் தலைமுறைக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தீட்டு நாட்களில் பெண்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. பழனாயி வீட்டில் மாட்டுக் கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் இதற்கென்றே ஓர் ஓலைக் குச்சு இருந்தது. மூன்று நாளும் அங்கேதான் படுக்கை. தனித் தட்டு, தனிச் செம்பு. தட்டைத் தொடாமல் சோற்றை மேலேயிருந்து போடுவார்கள். ஆக, வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போது என்பது ஊருக்கே தெரியும். பண்ணையத்து ஆள் முதல் பால் கறக்க வருகிறவர் வரை குச்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் போவார்கள். அந்தக் கணக்கில் தப்பு வர வழியே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாங்களும்தான்.

டாக்டரம்மா பாவாயியை டேபிளில் படுக்கச் சொன்னார். டேபிளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு திரை மட்டும் தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் பழனாயி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு வேண்டியது, வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தது, திருச்செங்கோட்டு வைத்தியரிடம் லேகியம் வாங்கியது எல்லாம் வரிசையாக வந்தது.

டாக்டரம்மாவின் கை பாவாயியின் வயிற்றில் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி அமுக்கிப் பார்த்தார். தொப்புள் வரைக்கும் உருண்டையாக, கெட்டியாக ஏதோ இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. மாதம் தவறாமல் வருகிற பெண், வயிற்றில் இவ்வளவு பெரிய உருண்டை. என்னிடம் மெல்லச் சொன்னார்: “நர்ஸ், கர்ப்பப்பையில கட்டி மாதிரி இருக்கு. சேலத்துக்கு அனுப்பணும்.”

மெல்லச் சொன்னாலும் பழனாயியின் காதுக்குத் தப்பவில்லை. நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“கட்டிங்களா! அப்பவே நெனச்சேன். கட்டி இருக்கற வயித்துல புள்ளை எங்கீங்க தங்கும்? இது போதுமுங்க டாக்டரம்மா. பாவாயி, எந்திரிச்சு வா. நேரமாச்சு.”

பாவாயி எழுந்திருக்கவும் செய்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வயிற்றில் கட்டி என்று காதில் விழுந்தும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே போகச் சொன்னாலும் போய்விடுவாள் போலிருந்தது. தோளை அழுத்திப் படுக்க வைத்தேன். “டாக்டர் போகச் சொன்னாத்தான் போகணும், படு” என்று அதட்டினேன். அப்படி அழுத்தும்போது அவள் ரவிக்கை விலகியது. மார்க்காம்பைச் சுற்றி நன்றாகக் கறுத்துப் பரவியிருந்தது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டி வந்தவளுக்கு மார்பு ஏன் கறுக்க வேண்டும்? ஆனால் போன வாரம்தானே தலைக்கு ஊற்றிக்கொண்டாள்?

டாக்டரம்மா மேஜையிலிருந்து மரக்குழலை எடுத்தார். இப்போது மெஷின் இருக்கிறது. அப்போது ஒரு சாண் நீளத்தில், ஒரு பக்கம் அகலமாக இருக்கும் மரக்குழல்தான். அகலமான பக்கத்தை வயிற்றில் வைத்து, மறுபக்கம் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அறை நிசப்தமாக இருந்தால்தான் ஏதாவது கேட்கும். பழனாயி இருக்கும் அறையில் நிசப்தத்துக்கு எங்கே போவது? “டேய் செங்கோடா, வண்டியப் பூட்டு!” என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நர்ஸ், அந்தம்மாவை வெளியே கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டரம்மா.

சொன்னால் போகிற ஆளா அவர்? நான் திரையை விலக்கி, “ஐயோ, உங்க எருது கயித்த அவுத்துக்கிட்டு ஓடுது, பாருங்க!” என்று கத்தினேன். பச்சைப் பொய். பழனாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். நான் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

மரக்குழல்

டாக்டரம்மா குழலில் காதை வைத்தார். கண்ணை மூடினார். குழலை நகர்த்தினார். மறுபடி வைத்தார். என் முதுகில் கதவு இடித்தது. எருது மரத்தடியில் சாதுவாக அசைபோட்டுக்கொண்டிருப்பதைப் பழனாயி பார்த்துவிட்டார். “ஏனுங் நர்சம்மா, என்ற எருது எங்கீங்க ஓடுச்சு? கதவத் தொறங்க!” நான் காலை அழுத்தி ஊன்றினேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அவர் டியூட்டியில் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“பாவாயி, உன் வயித்துல இருக்கிறது கட்டி இல்லை. குழந்தை. அஞ்சு மாசம் இருக்கும். நெஞ்சு நல்லாத் துடிக்குது.”

பாவாயி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பயந்துபோனாள். எழுந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லீங்க. இருக்காதுங்க. வாய்வுங்க. உள்ளுக்குள்ள ஓடுதுன்னு ஓமத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கறனுங்க.”

“ஓடுறது வாய்வு இல்லை, உன் குழந்தை. அதுக்குப் போய் ஓமத்தண்ணி குடுத்திருக்கியே” என்றார் டாக்டரம்மா. பிறகு நாற்காலியை டேபிள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இப்ப இங்க யாரும் இல்லை. நீயே சொல்லு. போன வாரம் நெசமா உனக்கு வந்துச்சா?”

பாவாயி கதவைப் பார்த்தாள். கதவு என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. “யாரும் வர முடியாது, சொல்லு கண்ணு” என்றேன். அவள் உடைந்துவிட்டாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

வயதுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு மாதாமாதம் வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம், நாலு மாதத்துக்கு ஒருதரம். சில சமயம் அரை வருஷம்கூட. பிறந்த வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மாதம் தள்ளியது. பிறகு இன்னொரு மாதம். பழனாயிக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி, சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்து பலகாரம் செய்துகொண்டு வண்டி கட்டி வந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பாவாயிக்கு வந்துவிட்டது.

“எல்லாரும் எலையில ஒக்காந்திருக்காங்க. நானு எந்திரிச்சுக் குச்சுக்குப் போறனுங்க. எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியிலீங்க.”

அடுத்த வருஷமும் அதே கதை. இந்தத் தடவை மாதம் இன்னும் அதிகம் தள்ளியதால் வளைகாப்புப் போல எங்கள் பக்கத்தில் செய்யும் கட்டுச்சோறு விருந்துக்கே நாள் பார்த்துவிட்டார்கள். விருந்துக்கு முந்தின நாள் வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் அவளைப் பேசாத பேச்சில்லை. வயிற்றில் தங்கியதைக் கரைத்துவிட்டாள் என்றுகூடச் சொன்னார்கள். மாதம் தள்ளினால் ஊரைக் கூட்டுவார்கள், வந்தால் கரித்துக்கொட்டுவார்கள். அந்த இரண்டுக்கும் பயந்து பாவாயி ஒரு முடிவு எடுத்தாள். வந்தாலும் வராவிட்டாலும் அமாவாசைக்கு அமாவாசை குச்சுக்குப் போய் உட்கார்ந்துகொள்வது. மாதம் தவறாதவளை யார் என்ன சொல்ல முடியும்?

“அப்ப நெசமா வந்தா என்ன பண்ணுவே?” என்றேன் கதவிலிருந்தபடியே.

“கடலைக் காட்டுக்குக் காவலுக்குப் போறன்னு சொல்லிப்போட்டுக் காட்டுச் சாளையில படுத்துக்குவனுங்க.”

“துணி வெளுக்கிறவளுக்குத் தெரியுமே?”

“அவளுக்குத் தெரியுமுங்க. மாசாமாசம் வெறுந்துணிய வாங்கிட்டுப் போயித் தொவைச்சுக் கொண்டாந்து குடுத்துருவா. ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெறுந்துணியை வாயைத் திறக்காமல் வெளுத்துக் கொடுத்த அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். பொய்யாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் உண்மையாகவே குழந்தை தரித்தபோது அது பாவாயிக்கே தெரியவில்லை. மாதக்கணக்கில் வராமலிருப்பது அவளுக்குப் புதிதில்லையே. போன வாரம் வயிற்றில் ஐந்து மாதக் குழந்தையோடு குச்சில் போய்த் தீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஆனா டாக்டரம்மா” என்று பாவாயி கேட்டாள், “எனக்குத்தான் ஒழுங்கா வாரதில்லீங்களே. ஒழுங்கா வராதவளுக்குப் புள்ளை பொறக்காதுன்னு சொல்றாங்களே.”

“ராசிபுரத்துக் கரி பஸ் என்னிக்காவது நேரத்துக்கு வந்திருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டிய காலம். “வராமலே போயிடுதா? காத்திருந்தா வருது. ஏறிப் போறவங்க ஏறிப் போறாங்க. உன் உடம்பும் அப்படித்தான். கருமுட்டை எப்பவாவதுதான் வருது. அதனால நாளாகும், அவ்வளவுதான். சிலருக்கு மருந்து தேவைப்படும். சிலருக்கு வராமலும் போகலாம். ஆனா ஒழுங்கா வராதவ மலடின்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. நீ இப்ப அஞ்சு மாசம்.”

அப்போதுதான் பாவாயி தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள்.

சர்க்கரை

வெளியே பழனாயி கதவை உடைத்துவிடுவார் போலிருந்தது. டாக்டரம்மா சொன்னார்: “அவங்ககிட்ட குச்சு விஷயத்தைச் சொல்ல வேண்டாம். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.” எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பாவாயி தலையாட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையைச் சரிசெய்தாள்.

“வேண்டாமுங்க. நானே சொல்றேன். இன்னமே என்னால பொய்யா ஒக்கார முடியாதுங்க.”

நான் கதவை விட்டேன். பழனாயி விழாத குறையாக உள்ளே வந்தார். என்னைத் திட்ட வாயெடுத்தவரை டாக்டரம்மா கையைப் பிடித்து டேபிள் பக்கம் இழுத்தார். குழலின் மேல் அவர் தலையைச் சாய்த்து வைத்தார். “பேசாம கேளுங்க” என்றார்.

அந்த அறையில் பழனாயி வாயை மூடியது அப்போதுதான். முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு அவர் கண் அசையாமல் நின்றது.

“என்னமோ துடிக்குதுங்க. கோழிக்குஞ்சைக் கையில புடிச்சாப்புல.”

“அது உங்க பேரப்பிள்ளை” என்றேன்.

“நெசமாலுமா?” என்று டாக்டரம்மாவைக் கேட்டார். டாக்டரம்மா ஆமாம் என்றார். பழனாயியின் முகத்தில் வந்த வெளிச்சம் அடுத்த கணமே போய்விட்டது. அவர் முட்டாள் இல்லை. “அதெப்படீங்க? போன வாரம் ஒக்காந்தாளே? மாசாமாசம் முழுகுறவ எப்படீங்க முழுகாம இருப்பா?”

“நெசமா ஒக்காருலீங்க அத்தை” என்றாள் பாவாயி. அன்று அவள் மாமியார் முகத்தை நேராகப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. “போன வாரமும் பொய். அதுக்கு முந்தியும் பொய். மூணு வருசமாப் பொய்யா ஒக்காந்தனுங்க.”

“அப்ப நானு ஊத்துன சோறு?”

“உண்டனுங்க அத்தை.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரம்மா என்னை முறைத்தார். பழனாயி சிரிக்கவில்லை.

“என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னாயிருக்கும்?”

“சொல்லாம இருந்தப்பவே ரெண்டு தடவ ஊரக் கூட்டுனீங்க அத்தை. நெசத்தச் சொன்னா நீங்க என்னைய வெச்சிருப்பீங்களா?”

பழனாயி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். திட்டப்போகிறார், அடிக்கப்போகிறார் என்று நான் கிட்டத்தில் போய் நின்றேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

“டேய் செங்கோடா! உன்ற புள்ள துடிக்குதுடா! நெஞ்சு துடிக்குது, நானே காதுல கேட்டேன்!”

செங்கோடன் ஓடி வந்தான். பெண்கள் ஆஸ்பத்திரி என்பதால் வாசலிலேயே நின்றுவிட்டான். “நெசமுங்களா நர்சம்மா? நெசமுங்களா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஆறடி ஆள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் அவன் யாரிடமும் சொல்லாமல் பாவாயியை அனுப்ப மனமில்லாத வேதனையைச் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்குப் புரிந்தது. அவன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

“அழுதது போதும். தாம்பாளத்த எடுத்துட்டு வாடா” என்றார் பழனாயி. நாட்டுச்சர்க்கரையைத் தன் கையாலேயே எடுத்து முதலில் பாவாயி வாயில் போட்டார். பிறகு டாக்டரம்மாவுக்கு, எனக்கு, வார்டில் படுத்திருந்த எல்லாருக்கும் கொடுத்தார். இனிப்புத் தொடக் கூடாத ஒரு பேஷண்ட் வாயிலும் நான் தடுப்பதற்குள் போட்டுவிட்டார்.

“உப்பை என்ன பண்ணப் போறீங்க?” என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

“ஊட்டுக்கு ஆகும்” என்றார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ரெண்டாந்தாரத்துக்குப் பார்த்து வைத்த பெண் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டுமே என்று டாக்டரம்மா கேட்டார். “நானே போறனுங்க” என்றார் பழனாயி. போனார், அவர்கள் பேசிய பேச்சையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டார் என்று பிறகு செங்கோடன் சொன்னான். பாவாயி தகப்பன் வீட்டில் இறங்கவில்லை. வண்டி அந்த வீட்டு வாசலில் நின்று சந்தோஷச் சமாசாரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போயிற்று.

தாழ்ப்பாள்

வண்டி போன அன்று சாயங்காலமே டாக்டரம்மா ஆசாரியை வரவழைத்து ஓ.பி. அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தார். “நாம இத்தனை நாளும் யாரைக் கேட்டுக்கிட்டு இருந்தோம் நர்ஸ்?” என்று கேட்டார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளிலிருந்து வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. கூட வந்தவர்கள் வெளியே. பெண் மட்டும் உள்ளே. ஒதுங்கினாயா என்று கேட்பதை விட்டோம். ரத்தம் பட்டதா, எத்தனை நாள் பட்டது, துணி நனைந்ததா என்று கேட்டோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அடுத்தடுத்த வாரங்களில் எத்தனை பெண்கள் பாவாயி சொன்னது போலவே சொன்னார்கள் என்று. இளம்பிள்ளையிலிருந்து வந்த நெசவுக்காரப் பெண் ஒருத்தி தறிக்கு நூலைப் பாவு நீட்டும் வேலைக்குத் தடை வரக் கூடாது என்று வந்ததையே மறைத்திருந்தாள். ஒருத்தி தனக்கு வராவிட்டாலும் நாத்தனார் ஒதுங்கும்போதெல்லாம் கூடவே போய் உட்கார்ந்துகொள்வாளாம். எங்களுக்கு வந்த கணக்கெல்லாம் மாமியார்களின் கணக்கு. அதை வைத்துக்கொண்டு நாங்கள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். சரியான பதில் வந்த பிறகு எல்லாருக்கும் பிள்ளை பிறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு என்ன கோளாறு என்று தெரிந்தது. பிறந்தவர்களும் நிறைய உண்டு.

பாவாயிக்குக் கட்டுச்சோறு விருந்து அமர்க்களமாக நடந்தது. எங்களுக்கும் ஒரு கூடை வந்தது. பங்குனியில் வலி எடுத்ததும் பழனாயியே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பக்கத்துப் பெரிய பண்ணையக்காரர் வீடுகளில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் வண்டி அதுதான். முதல் பிரசவம், கொஞ்சம் இழுத்தது. ஆயுதம் போடாமல் எடுத்தோம். பெண் குழந்தை. முகம் சுளிப்பாரோ என்று பழனாயியைப் பார்த்தேன். குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ற ஊட்டுக்காரரு மூக்கு. அப்புடியே எடுத்து வெச்சாப்புல” என்றார். அவ்வளவுதான். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

பாவாயி வார்டில் இருந்த நாட்களில் பழனாயி சும்மா உட்காரவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓ.பி. வாசலில் இடம் பிடித்துவிட்டார். கூட வந்தவர்களை உள்ளே விடாமல் நிறுத்துவது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார்; நாங்கள் யாரும் அவரை நியமிக்கவில்லை.

நர்ஸிங் படிக்கிற பெண்களே, உங்கள் பாடத்தில் என்னென்னவோ இருக்கும், எல்லாவற்றையும் படியுங்கள். நான் இந்த வேலையில் கற்றது இதுதான்: உடம்பு யாருடையதோ அவளிடம் கேளுங்கள், அவளைத் தனியாக வைத்துக் கேளுங்கள். அவள் பொய் சொன்னாலும் கோபப்படாதீர்கள். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது எது என்று கேளுங்கள். கதவைச் சாத்துவதற்கு உங்களுக்கு ஒரு பழனாயி கிடைத்தால் இன்னும் நல்லது.

பழனாயி அப்படி வாசலில் உட்கார்ந்திருந்த ஒருநாள், ஒரு மாமியார் வெளியே போக மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தார். “என்ற மருமவளப் பத்தி எனக்குத் தெரியாதது அவளுக்கென்னங்க தெரியும்?” என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நான் பதில் சொல்வதற்குள் பழனாயி எழுந்து வந்தார். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மடியிலிருந்த குழந்தையைக் காட்டினார்.

“இது என்ற பேத்தி. அன்னிக்கு நானு உள்ளயே நின்னிருந்தன்னா, இது இன்னிக்கு என்ற மடியில இல்லீங்க. ஒக்காருங்க.”

அந்த அம்மாள் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவர் மருமகளிடம் கேட்க ஆரம்பித்தேன்.